ஒரு கையெழுத்துக்காகக் கும்மிடிப்பூண்டி வரை

வியாழக்கிழமை, காலை 6.50. சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் புறநகர் நிலையம். கும்மிடிப்பூண்டிக்கு டிக்கெட் பதினைந்து ரூபாய், தூரம் ஏறக்குறைய நாற்பத்தெட்டு கிலோமீட்டர். தன் படத்தை வெளிநாட்டில் விற்கப் போகிறவள் விமானம்தான் ஏறுவாள் என்று நினைப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய்த்தது ஜன்னலோர சீட்டும், பையில் ஒரு பிளாஸ்டிக் உறையும், வயிற்றெரிச்சலும்தான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஐந்து வருடம் உயிரை விட்டு ஒரு படம் எடுத்தேன். பாட்டு இல்லை, சண்டை இல்லை. தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு பெண் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு வீடு வரைக்கும் நடந்தே வருகிறாள். அவ்வளவுதான் கதை. நாயகியாக நடித்தவர் நிஜமாகவே அங்கே வேலை பார்க்கும் முனியம்மா. வயது நாற்பத்து நான்கு. அவருடைய வார விடுமுறைகளில் மட்டும் படம் பிடித்ததால்தான் இத்தனை வருடம் ஆயிற்று. நம் ஊர் விநியோகஸ்தர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “அந்தம்மா எப்பதாம்மா பஸ் ஏறும்?” என்று கேட்டார்.

சரி, வெளிநாட்டுக்குப் போவோம் என்று பார்த்தால் அங்கே வேறு கூத்து. இப்படிப்பட்ட படங்களை நாடு நாடாக விற்றுத் தர விற்பனைப் பிரதிநிதிகள் என்று சில நிறுவனங்கள் இருக்கின்றன. பிரதிநிதி இல்லாத படத்தை அந்த ஊர் விநியோகஸ்தர் தொட மாட்டார். பெரிய திரைப்பட விழாவுக்குப் போகாத படத்தைப் பிரதிநிதி தொட மாட்டார். பிரதிநிதி இல்லாத படம் என்றால் பெரிய விழாக்காரர் உதட்டைப் பிதுக்குவார். உள்ளே போக வழி எங்கே என்று கேட்டால், உள்ளே இருப்பவர்களைக் கேளுங்கள் என்பார்கள். அறுபத்து மூன்று நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். ஒன்பது பேர் பதில் எழுதினார்கள். இணையத்தில் படத்தின் சுட்டியை அனுப்பினால் யார் எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று நமக்குத் தெரியும். பெரும்பாலோர் பதினோரு நிமிடத்தோடு எழுந்து போயிருந்தார்கள்.

கடைசியில் ஐரோப்பாவில் ஒரு சிறு நகரத்து விழா படத்தைத் தேர்ந்தெடுத்தது. அதைக் கேட்டு ஒரே ஒரு நிறுவனம் முன்வந்தது. இந்தியா தவிர உலகம் முழுவதற்கும் பன்னிரண்டு வருட உரிமை அவர்களுக்கு. விற்று வரும் பணத்தில் முதலில் அவர்கள் செலவைக் கழித்துக்கொள்வார்கள். பிறகு முப்பது சதவீதம் கமிஷன். அதற்குப் பிறகும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் எனக்கு. முன்பணம்? மூச்! இதற்கும் நான் துள்ளிக் குதித்தேன், வெட்கமில்லாமல் தெருவெல்லாம் இனிப்பு கொடுத்தேன்.

ஒப்பந்தத்துக்கு முன் ஒரு பட்டியல் வந்தது. படத்தில் முகம் காட்டியவர், குரல் கொடுத்தவர், வீடு கொடுத்தவர் எல்லோரும் சம்மதம் என்று எழுதிக் கொடுத்த காகிதங்களும் அவர்களுடைய ஆதார் நகல்களும் வேண்டும். எல்லாம் அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை அவர்களுடைய வக்கீலிடமிருந்து ஒரு கேள்வி. படத்தின் பெயர்ப் பட்டியலில் நாயகி முனியம்மா. ஆதாரிலும் முனியம்மா. சம்மதக் கடிதத்தில் கையெழுத்து மட்டும் சுமதி. யார் இந்தச் சுமதி? இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழி வாங்கி வியாழக்கிழமை மாலைக்குள் அனுப்பாவிட்டால் படத்தை எடுக்க மாட்டோம்.

கடிதங்களை வாங்கி வைத்த உதவி இயக்குநரைத் திட்டித் தீர்த்தேன். மனசுக்குள் முனியம்மாவையும் திட்டினேன். தன் பெயரைத் தப்பாக எழுத ஒரு மனுஷியால் முடியுமா? (பெயர்கள் இரண்டுமே இந்தக் கட்டுரைக்காக மாற்றியவை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.)

7.40. எண்ணூர் தாண்டியது. அத்திப்பட்டில் வள்ளூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்ததும் பெட்டியில் பாதிப் பேர் இறங்கினார்கள். எதிர் சீட்டுப் பெண் டிபன் டப்பாவைத் திறந்து, எலுமிச்சை சாதத்தை எனக்கும் நீட்டினார்.

“சாப்டும்மா. மூஞ்சியப் பாத்தா சண்டைக்குப் போற மாதிரி கீது.”

“ஒரு கையெழுத்து வாங்கப் போறேன்.”

“அதுக்கா இந்த மூஞ்சி?” என்று சிரித்துவிட்டு மீஞ்சூரில் இறங்கிக்கொண்டார்.

8.20. கும்மிடிப்பூண்டி. நிலையத்துக்கு வெளியே இரண்டு இட்லி, ஒரு வடை, நாற்பது ரூபாய். தாலுகா அலுவலகம் பக்கம் இருந்த டைப்பிங் கடை ஒன்பது மணிக்குத்தான் திறந்தது. முத்திரைத்தாள் இருநூறு, தட்டச்சு நூறு, நோட்டரிக்கு முந்நூறு என்றார் கடைக்கார அம்மாள். நான் சொன்னதைக் கேட்டபடியே தட்டிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார்.

“ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு எழுதிக் குடுக்கணும். அதானே? தெனம் நாலு வரும். அவுங்க கம்பெனில வேல பாக்குறாங்களா?”

“ஆமா.”

“இத்த அவுங்க கேட்டாங்களா, நீ கேக்குறியா?”

“நான்தான்.”

“அப்ப அவுங்கள ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்து நோட்டரிகிட்ட போ. அவசரப்படாதே.”

இது என்னடா புது வம்பு என்று நினைத்துக்கொண்டு தாளை வாங்கி உறைக்குள் வைத்தேன். அந்த அம்மாளுக்கு ஒரே பார்வையில் புரிந்தது, ஐந்து வருடம் முனியம்மாவின் முகத்தைக் கேமரா வழியாகப் பார்த்த எனக்குப் புரியவில்லை.

9.40. ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய், நான்கு கிலோமீட்டர். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். பின்னால் கம்பிக் கட்டு ஏற்றிய லாரி ஒன்று ஒலி எழுப்பிக்கொண்டே வந்தது. ஆட்டோ ஓட்டியவர் ஆந்திர எல்லையில் இருக்கும் தடாவிலிருந்து வந்தவர். “ஓரமா போறேன் நைனா, போ, போய்ச் சேரு!” என்று லாரிக்காரரை வாழ்த்தினார். இரும்பு உருக்கும் ஆலைகளைத் தாண்டும்போது காற்றில் ஒரு எரிந்த நெடி. சாலையோரப் புளியமர இலையெல்லாம் துருநிறம். அதை என் படத்தில் அழகாக எடுத்திருக்கிறேன் என்று விழாக்காரர்கள் பாராட்டி எழுதியிருந்தார்கள்.

10.05. முனியம்மாவுக்கு அன்று மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“வாம்மா, வாம்மா! இன்னா சொல்லாம கொள்ளாம? படம் வித்துட்டியா?”

“விக்கத்தான்க்கா வந்தேன். உங்க கையெழுத்து ஒண்ணு வேணும்.”

“ஒண்ணு இன்னாத்துக்கு, பத்து போடறேன். பேனா குடு. நாஷ்டா துன்னியா?”

தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘முனியம்மா ஆகிய நானும் சுமதி என்று கையொப்பமிட்டவரும் ஒரே நபர்’ என்ற வரிக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இத்த யாரு எழுதனது?”

“நான்தான்க்கா. சம்மதக் கடிதத்துல சுமதின்னு போட்டுட்டீங்க. தெரியாம போட்டிருப்பீங்க.”

“சுமதி யாரு தெரியுமா? என் நாத்தனாரு. எதுத்த ஊடு. ஆறு வருசமா கம்பெனிக்குள்ள நான்தான் சுமதி.”

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதை அப்படியே தருகிறேன்.

“முப்பத்தஞ்சு வயசுக்கு மேல எடுக்க மாட்டாங்க. எனுக்கு அப்பவே முப்பத்தெட்டு. காண்டிராக்டுக்காரந்தான் சொன்னான், சின்ன வயசுக்காரி ஆதார் கார்டு ஒண்ணு இருந்தா கொண்டான்னு. சுமதி கார்ட குடுத்தேன். போட்டோவ எவன் உத்துப் பாக்குறான்? கேட் பாசு அவ பேர்ல, பி.எப்பு அவ பேர்ல. போன வருசம் கை வெந்துச்சில்ல, ஆஸ்பத்திரி சீட்டும் அவ பேர்லதான். எரிச்சல் மட்டும் எனுக்கு.”

“அப்புறம் எதுக்குக்கா என் பேப்பர்ல அந்தப் பேரை எழுதினீங்க? நான் கம்பெனி இல்லையே.”

“ஏன் இல்ல? தலைல கம்பெனி பேரு அச்சடிச்சிருந்தே, கீழ ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருந்தே. அந்த மாதிரி பேப்பரப் பாத்தா கை தானா சுமதின்னு எழுதும். ரேஷன் கடைல முனியம்மான்னு எழுதும். நான் யோசிச்சா எழுதறேன்?”

ஒரு நாள்கூடக் கம்பெனி வாசல் பக்கம் தன்னை வைத்துப் படம் எடுக்க அவர் விட்டதில்லை. கெடுபிடிக்குப் பயப்படுகிறார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோணம் பார்ப்பதிலேயே குறியாக இருந்தேன்.

“படம் வெளிய வந்தா உங்க முகம் தெரியுமேக்கா? அதுக்குப் பயமில்லையா?”

“அது இன்னா கஷ்டம்? ‘அது எங்க அண்ணி முனியம்மா, என் சாடையா கீறா’ன்னு கம்பெனில சொல்லிடுவேன்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு நின்றதும், “ஆனா இந்தத் தாளு அப்பிடி இல்லம்மா. கெவுருமென்ட்டு முத்திர. எவன் கைக்காவது போச்சுன்னா எனுக்கும் வேல போவும், சுமதியயும் ஸ்டேசனுக்கு இஸ்துக்கினு போவான். முனியம்மான்னு புதுசா எத்தினி கையெழுத்து வோணும்னாலும் போடறேன். இது மட்டும் வாணாம்,” என்றார்.

வயது முப்பத்தெட்டு என்றால் கம்பெனிக் கதவைச் சாத்துகிறவன் இவர்களுக்குச் சட்டம் சொல்கிறான். பொய்க் கார்டு கேட்டு வாங்கியவன் நிம்மதியாகத் தூங்குகிறான். மாட்டினால் கம்பி எண்ண வேண்டியவர்கள் கார்டு கொடுத்த இரண்டு பெண்கள். இது என்ன நியாயம் என்று எதிரே இருந்த ஸ்டீல் குடத்தைப் பார்த்துக் கத்தலாம் போலிருந்தது.

12.30. அவர்கள் ஊரில் காலை ஒன்பது. விற்பனைப் பிரதிநிதியையே நேரடியாக அழைத்தேன். பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். முடியாது, வக்கீல் பழையதைப் பார்த்துவிட்டார், சுமதி யார் என்று விளக்கம் வேண்டும் என்றார். விற்ற பிறகு எவராவது வழக்குப் போட்டால்? வேறு வழியில்லாமல் முனியம்மாவிடம் கேட்டேன். “சொல்லிக்கோ, அவன் இன்னா இங்கியா வரப் போறான்?” என்றார். வெளியே சொல்லக் கூடாது என்ற வேண்டுகோளோடு விஷயத்தைச் சொன்னேன்.

மனிதர் வருத்தப்படுவார் என்று நினைத்தேன்.

“அற்புதம்!” என்றார். அவர் பேசியது ஆங்கிலம், பொருள் இதுதான். “இதை ஏன் முன்பே சொல்லவில்லை? உறுதிமொழியை விடுங்கள். வக்கீலை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு பெயர்களோடு வாழும் தொழிலாளி, அவரே நாயகி! இதை விளம்பரக் கையேட்டின் முதல் பக்கத்தில் போடுவோம். பத்திரிகைகளுக்கு அவர் பேட்டி தரட்டும். விழாவுக்கு நேரில் அழைத்து வாருங்கள். உண்மையைச் சொல்வதானால், இதுவரை இந்தப் படத்தை என்ன சொல்லி விற்பதென்றே எங்களுக்குப் பிடிபடவில்லை.”

“படத்தைப் பார்த்தீர்கள் அல்லவா?”

“எங்கள் குழு பார்த்தது.”

பார்க்கவில்லை! ஐந்து வருடப் படத்தைப் பார்க்காமலேயே பன்னிரண்டு வருடத்துக்கு உலகத்தை எழுதிக் கேட்டிருக்கிறார். வேலை போய்விடும், வழக்கு வரும் என்றேன். முகம்தான் ஏற்கெனவே படத்தில் இருக்கிறதே என்றார். யோசித்து அவர்கள் நேரம் மதியத்துக்குள், அதாவது நமக்கு மூன்றரைக்குள், பதில் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்.

“இன்னா சொல்றான்?” என்றார் முனியம்மா. சொன்னேன். விழாவுக்கு அழைப்பதையும் சொன்னேன்.

“பாஸ்போட்டு எந்தப் பேர்ல எடுக்கறது?” என்று கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “நடந்து நடந்து காலு வீங்கிச்சே, அத்தப் பாக்கல. கார்டு மாத்தனத விக்கறானா?”

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். படத்துக்காக நான் குடியிருக்கும் வீட்டை அடகு வைத்திருக்கிறேன். அந்த நிமிடம் அது கண்ணில் வந்து நின்றது. “கொஞ்சம் யோசிச்சுப் பாருங்களேன்க்கா. ஊர் பேரு, கம்பெனி பேரு எதுவும் சொல்ல வேணாம்,” என்று என் வாயே சொன்னது.

முனியம்மா என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “இந்தப் படம் விக்கலன்னா நீ பேஜாராவே, ஒத்துக்கிறேன். அப்பாலிக்கா இன்னொரு படம் எடுப்பே. எனுக்கு இந்த வேல போச்சுன்னா நாப்பத்தி நாலு வயசுல எவ கார்டுக்கு அலையறது? இப்ப புதுசா சேர எந்தக் கேட்டுக்குப் போனாலும் ஆதாருக்குக் கைரேக வச்சிப் பாக்குறான்.”

முத்திரைத்தாளை நான்காகக் கிழித்தேன். “எரநூறு ரூபா தாள இப்பிடி கிழிக்கிறியே!” என்று அதற்கும் திட்டு வாங்கினேன். அங்கேயே உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதினேன். நாயகியைப் பற்றிச் சொன்ன எதையும் எங்கும் பயன்படுத்தக் கூடாது. புதிய சம்மதக் கடிதத்தோடு படத்தை மட்டும் எடுத்துக்கொள்ள விருப்பமிருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் மணி 1.25. கம்பெனி பஸ் போய்விட்டிருந்தது. படத்தில் தவறவிட்ட பஸ்ஸை நிஜத்திலும் தவறவிட வைத்துவிட்டேன்.

1.30. தனி ஆட்டோ, நூற்று இருபது ரூபாய். பேரம் பேசாமல் ஏறினோம். வழியெல்லாம் அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். “எழுதறதுன்னா இத்தயும் எழுதிக்கோ. பேர மாத்திடு, ஊர மாத்திடு. அந்தக் காண்டிராக்டுக்காரன் கேட்டதையும் எழுது, வுட்டுடாதே.” அந்த அனுமதியில்தான் இதை எழுதுகிறேன்.

கம்பெனி வாசலுக்கு நூறு அடி முன்னாலேயே ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். என்னோடு யாரும் பார்க்கக் கூடாது. முந்தானைக்கு மேல் சீருடைச் சட்டையை மாட்டி, கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று போனார். போன பிறகுதான் பார்த்தேன், சாப்பாட்டுப் பை சீட்டிலேயே இருந்தது. இரவு பத்து மணி வரை ஷிஃப்ட்.

பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் வாசல் கம்பியை நெருங்கிவிட்டார். காவலாளி நின்றுகொண்டிருந்தார். பின்னால் பத்துப் பெண்கள் வரிசையில். “முனி…” என்று தொண்டை வரை வந்துவிட்டது. எச்சிலோடு விழுங்கிக்கொண்டேன்.

“சுமதி!” என்று கத்தினேன். “சுமதிக்கா!”

ஒரு கணம்கூடத் தயங்காமல் திரும்பினார். “இன்னா?” என்று வந்து பையை வாங்கிக்கொண்டார். “ஆங், சாப்பாடா? அண்ணி குட்த்து வுட்டாங்களா?” என்று காவலாளி காதில் விழும்படி சத்தமாகக் கேட்டார். “ஆமா, முனியம்மா அண்ணிதான் குடுத்தாங்க,” என்றேன். கேமராவுக்கு முன்னால் நான் ஐந்து வருடம் சொல்லிக் கொடுத்த எதையும்விட அவர் அங்கே நன்றாக நடித்தார். உள்ளே போய்விட்டார்.

3.05. திரும்பும் ரயில். பொன்னேரியில் பதில் வந்தது. இரண்டு வரி. உங்கள் முடிவை மதிக்கிறோம், படத்துக்கு வாழ்த்துகள். இந்தத் தொழிலில் இந்த வாழ்த்துக்குப் படம் வேண்டாம் என்று பொருள். மறுபடி அறுபத்து மூன்று மின்னஞ்சல். மறுபடி பதினோரு நிமிடம்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். தலைமுடியில் அந்த எரிந்த நெடி போகவில்லை. எங்கள் தெருவில் கூரியர்க்காரர் முதல் கீரைக்காரம்மா வரை எல்லோரும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அன்றைக்கு அதுவே கூச்சமாக இருந்தது. படத்தைப் போட்டுக் கடைசிப் பகுதிக்கு ஓட்டினேன். கறுப்புத் திரையில் முனியம்மா என்ற பெயர் நான்கு விநாடி நின்றது. ஆறு வருடமாக அந்த மனுஷி ராப்பகலாக உழைத்ததில், அவர் சொந்தப் பெயர் எழுதியிருக்கும் ஒரே இடம் அதுதான். அதை வாங்கத்தான் உலகத்தில் ஒருத்தனும் இல்லை.